விருப்பத்துடன் போனவர்கள்

புத்தகம் படித்தால் மனசு விசாலமாகும் என்று எங்கள் பால்வாடிச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருட்டிக் கொடுத்து, அவர்கள் தூங்கும் மதிய வேளையில் புத்தகம் படித்து வருகிறவள் நான். மனசு விசாலமானதாகத் தெரியவில்லை. வயிற்றெரிச்சல்தான் வளர்ந்தது. அதிலும் எங்கள் பழவேற்காட்டைப் பற்றியோ, இங்கே கோட்டை கட்டி ஆண்ட டச்சுக்காரர்களைப் பற்றியோ எவராவது எழுதிய புத்தகம் என்றால், தேடிப் பிடித்துப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் இருப்பேன். படிக்காமல் விட்டால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்பார். சொறி வந்தவளிடம் சொறியாதே என்று சொல்வதைப் போலத்தான் அதுவும்.

எனக்கு ஓர் அக்கா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்ததை அவளிடம் போய்ச் சொல்லி எழுதியவரை வைவேன், அவள் சிரிப்பாள். பதின்மூன்று வயதில் வேறொரு மாநிலத்துக்கு இறால் உரிக்கும் வேலைக்குப் போய், ஆறு வருடம் கழித்துத் திரும்பியவள் அவள். அவள் போனதால்தான் நான் படித்தேன். அவளிடம் சொல்ல வேண்டிய ஒன்றை முப்பத்தெட்டு வருடமாகத் தொண்டையிலேயே வைத்திருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் திட்டுவதை மட்டும் கேட்டுவிட்டு என்னை நியாயவாதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

முதலில் என்னைக் குமட்ட வைத்தது பள்ளிக்கூடத்து அலமாரியில் இருந்த ஒரு படக்கதைப் புத்தகம். அதில் ஏரி பளிச்சென்று நீலமாக இருந்தது. மீனவப் பெண்கள் வரிசையாக நின்று, வாய் நிறையப் பாடிக்கொண்டு மீன் பிடித்தார்கள். எங்கள் சனத்துக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. ஏரியைப் பாடு பாடாக இடம் பிரித்து, முறை போட்டு வலை கட்டுவதெல்லாம் கோட்டைக்குப்பத்துக்காரர்கள் போன்றவர்களுக்கு. நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்தபடி வரிசையாக நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். அதனால் பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். பல்லில் கயிறு இருக்கும்போது எவள் பாடுவாள்? கடைவாயில் எச்சில் ஒழுகும், கழுத்து இற்றுப்போகும், மூக்கால்தான் மூச்சு விட வேண்டும். நாலு மணி நேரம் கழித்துக் கரையேறினால் தாடை பூட்டிக்கொண்டு தண்ணீர் கேட்கக்கூட வாய் வராது. பத்து வயதில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடுகிறவளின் வாயில் பென்சிலால் ஒரு கயிறு வரைந்தேன். டீச்சர் காதைத் திருகினார்.

அடுத்தது இருபது வயதில், கிளை நூலகத்தில் எடுத்த ஒரு சரித்திர நாவல். தலையணைக்கு வைத்துக்கொள்ளலாம், அத்தனை தடிமன். டச்சுத் தளபதி ஒருவன் கோட்டை மதில்மேல் நின்று பார்க்கிறான், கீழே ஏரியில் ஒரு செம்படவப் பெண் நீராடுகிறாள். அவள்மேல் தாழம்பூ மணம் வீசுகிறதாம். விரல்கள் வெண்டைப் பிஞ்சு போல இருக்கின்றனவாம். அந்த விரல்களால் முத்தெடுத்து அவனுக்குக் கொடுக்கிறாளாம். எங்கள் ஏரியில் எங்கே முத்து? ஏரியிலிருந்து எழுந்து வரும் பெண்மேல் என்ன வாசனை வரும் என்று எழுதியவர் ஒரு நாள் பக்கத்தில் வந்து மோந்து பார்த்திருக்கலாம். அழுகின சேறு, மட்டி, வியர்வை, ஊறிய புடவை. விரலைப் பார்த்தால் நண்டு கடித்த வடுவும், நகத்தை விட்டுப் போகாத கறுப்பும் தெரியும். அதில் என்ன கேவலம்? அதை எழுதினால் தளபதிக்குக் காதல் வராமல் போய்விடுமா?

போகட்டும், காதல்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை படித்தேன். தளபதி கப்பலேறிப் போய்விட, அவள் மனம் உடைந்து கோட்டைக்கு அருகில் ஏரியில் குதித்து உயிரை விடுகிறாள். புத்தகத்தைச் சுவரில் அடித்தேன். அட்டை பிய்ந்துவிட்டது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் அப்போது ஊருக்குத் திரும்பி மூன்று வருடம் ஆகியிருந்தது.

"கோட்டையாண்டயா?" என்றாள். "அங்க முட்டி அளவு தண்ணிதானடி. சாவணும்னா குப்புறப் படுத்துக்கணும்."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்காவிடம் அப்படிச் சிரிப்பதற்காகவே நான் இன்னும் நிறையப் படித்தேன் என்று நினைக்கிறேன். என்னிடம் அவளுக்குக் கொடுக்க வேறென்ன இருந்தது?

மூன்றாவது ஒரு பயணப் புத்தகம். எழுதியவர் டச்சுக் கல்லறையைப் பார்க்க வந்தவர். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, லைட்ஹவுஸ் குப்பத்தில் நண்டு வறுவல் சாப்பிட்டு, இரண்டு நாளில் கிளம்பிப் போனவர். இரண்டு நாளுக்கு இருநூறு பக்கம். எங்களுக்கு ஆசைகளே கிடையாதாம். இருப்பதைக் கொண்டு சிரித்து வாழ்கிறோமாம். எங்கள் குடிசை வாசலில் நின்று அவர் படம் எடுத்தபோது நாங்கள் சிரித்தது உண்மைதான். வெயிலில் தொப்பியைத் தலைகீழாகப் போட்டிருந்தார், அதற்குச் சிரித்தோம்.

அந்தப் புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கம் முழுக்க இரண்டு கைகளின் படம். விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் வழுவழுவென்று, கோடே இல்லாமல். ஏரி அன்னை தழுவித் தழுவி வெளுத்த கைகள் என்கிற மாதிரி கீழே எழுதியிருந்தார். எனக்கு வாந்தி வராத குறை. அவை என் அக்காவின் கைகள். அவற்றை வெளுக்கவைத்தது ஏரி இல்லை. வெளிமாநிலத்து இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீரிலும் மருந்துத் தண்ணீரிலும் ஆறு வருடம் இறால் உரித்து வெளுத்த கைகள். இன்றைக்கும் ரேஷன் கடையில் விரலை வைத்தால் மெஷின் அவளை ஆள் இல்லை என்கிறது. இந்த விரலை வை, அந்த விரலை வை என்று அரைமணி நேரம் நிற்க வைப்பார்கள். அதைப் போய் ஏரி அன்னையின் தழுவல் என்று எழுத எப்படிக் கை வந்தது?

படத்தை அக்காவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா நகம் வெட்டிகினு வந்திருப்பேன்" என்றாள்.

நான் எழுதியவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்து வழக்கம்போல் சமைத்தேன்.

போன வருடம் மழைக்கு முன்னால் நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகங்களில் ஒன்று டச்சுக்காரர்கள் காலத்துப் பழவேற்காட்டைப் பற்றிய ஆராய்ச்சி. துணி ஏற்றியது, வெடிமருந்து அரைத்தது, கோட்டை கட்டியது எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. தாழம்பூ இல்லை, முத்து இல்லை. நிம்மதியாகப் படித்துக்கொண்டு போனேன். பால்வாடியில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு அத்தியாயத்தில், பஞ்ச காலத்தில் இந்தக் கரையிலிருந்து துணி மூட்டைகளோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றியது வந்தது. அதில் நிறையப் பேர் சிறு பிள்ளைகள். அதையும் அவர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். பெற்றோர்கள் விருப்பத்துடன் ஒப்படைத்தார்கள், சோறு கிடைக்கும் என்று பிள்ளைகளும் விருப்பத்துடன் கப்பலேறினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அடுத்த வரியில் சாயத்துணியின் ரகங்களுக்குப் போய்விட்டார்.

எனக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. விருப்பமாம்! பசியில் குடல் ஒட்டிக் கிடக்கிற பிள்ளை கப்பலைப் பார்த்துக் கையைத் தட்டிக்கொண்டு ஏறியதாமா? எழுந்து போய் வெளியே காறித் துப்பினேன். துப்பிவிட்டு வந்து, தூங்குகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வரியை நான் வேறு யார் வாயிலோ கேட்டிருக்கிறேன். யார் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. என் வாயில்தான்.

அவளே இஷ்டப்பட்டுப் போனாள். எங்கள் வீட்டில் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் அம்மா சொல்வது அது. நைனா சொன்னதும் அது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் நானும் அதையே சொன்னேன். பிள்ளைகளிடமும் சொன்னேன். ஒரு தடவை வேலைக்குப் போன பெண்களைப் பற்றி எழுதிக்கொண்டு ஒரு காலேஜ் பெண் நோட்டும் பேனாவுமாகப் பால்வாடிக்கு வந்தாள். அக்கா ஏரிக்குப் போயிருந்தாள். ஊரில் படித்தவள் நீங்கள்தான், நீங்களே சொல்லுங்கள் என்றாள். பெருமையாக இருந்தது. இஷ்டப்பட்டுத்தான் போனாங்க என்று சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். அது இன்றைக்கு எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறதோ!

நடந்தது இதுதான். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்ட வருடம் அது. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் இறால் வராது. ஏரி வற்றி, மீன் செத்து மிதந்து, ஊரே நாறியது. நாங்கள் தவிட்டுக் கஞ்சி குடித்தோம். அப்போதுதான் இறால் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறவன் வந்தான். வீட்டுக்கு ஒரு பெண், கை வேகமாக இருக்க வேண்டும் என்றான். அக்காவுக்குப் பதின்மூன்று, எனக்குப் பதினொன்று. யாரை அனுப்புவது என்று அம்மா அழுதாள். நைனா அவள் முகத்தைப் பார்க்காமல், "நாம இன்னா சொல்றது? கை சொல்லட்டும்" என்றார்.

எங்களில் பெண்பிள்ளைகளை ஏரி வரிசையில் சேர்க்கும்போது செய்வது அது. பெரிய அலுமினிய குண்டானில் சேற்றுத் தண்ணீர் ஊற்றி, உயிருள்ள இறாலை விட்டு, பிள்ளையை மேலே ஆகாயத்தைப் பார்க்கச் சொல்லிக் கையை விடச் சொல்வார்கள். யார் அதிகம் பிடிக்கிறாளோ அவள் வரிசையில் முன்னால் நடப்பாள். அன்றைக்கு முன்னால் நடப்பதற்கு வரிசை இல்லை, ரயில்தான் இருந்தது. நைனா எங்கேயோ அலைந்து ஒரு பிடி இறால் கொண்டுவந்து குண்டானில் விட்டார்.

இறால் பின்பக்கமாகத்தான் துள்ளித் தப்பிக்கும். அதனால் ஒரு கையைப் பின்னால் காத்திருக்க வைத்து, இன்னொரு கையால் முன்னாலிருந்து விரட்ட வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். அந்த வருடம் என் கை அக்காவின் கையைவிட வேகமாகியிருந்தது. அது அம்மாவுக்குத் தெரியாது. ஏரியில் என் பக்கத்தில் நடந்த அக்காவுக்கு மட்டும் தெரியும்.

நான் ஆகாயத்தைப் பார்த்தேன். இரண்டு கையையும் முன்னால் வைத்தேன். இறால் ஒவ்வொன்றாக என் விரல் நுனியைத் தட்டிவிட்டுப் பின்னால் போயிற்று. ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

"பயந்துட்டா சின்னது" என்றாள் அம்மா.

அடுத்து அக்கா உட்கார்ந்து ஏழெட்டு பிடித்தாள். மறுநாள் காலையில் பஸ்ஸில் திருப்பாலைவனம் தாண்டி ரயிலேறப் போய்விட்டாள். வீட்டில் ஒரு வாய் குறைந்தது. நான் தொடர்ந்து பள்ளிக்கூடம் போனேன்.

அந்த ஆராய்ச்சிக்காரரை நினைத்துத் துப்பிய எச்சில் இன்னும் வாசலில் காயவில்லை. எனக்கு என்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது. அவர் ஊர் பேர் தெரியாத பிள்ளைகளைப் பற்றி எழுதினார். நான் ஒரே பாயில் படுத்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து அழைத்துக்கொண்டு போனதும் பால்வாடியைப் பூட்டிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். போகும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை அடித்துத் துரத்தினாலும் சரி, இனிமேல் என் புத்தகக் கதைக்கு அவள் சிரிக்காமலே போனாலும் சரி என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

அக்கா வாசலில் குந்தி நண்டு ஓடு கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, கையில பொஸ்தகம்? இன்னிக்கி யாரத் திட்டப் போற?"

பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். கப்பல், பஞ்சம், பிள்ளைகள், விருப்பம் எல்லாவற்றையும். அவள் சிரிக்கவில்லை. நண்டின் காலை ஒவ்வொன்றாக ஒடித்துப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்குக் குண்டானுல நான்…" என்று ஆரம்பித்தேன். அத்தனை தடவை சொல்லிப் பார்த்தும் வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.

"ரெண்டு கையயும் முன்னால வெச்ச" என்றாள். "தெரியும். நான் பக்கத்துலதான குந்திகினு இருந்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிருப்ப. நீ பதினொண்ணுடி."

அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை, முகத்தைக்கூடத் திருப்பவில்லை. முப்பத்தெட்டு வருடமாகத் தொண்டையில் கிடந்தது இறங்கிவிட்டது. அழுதேன். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு எவ்வளவு லேசாகிவிட்டது என்றால், வெட்கமில்லாமல் பழையபடி புத்தகத்தைத் தட்டித் திட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"நீ சொல்லுக்கா, இவனெல்லாம் ஒரு மனுஷனா? அந்தப் பிள்ளைங்க அங்க போயி இன்னா பட்டுதுங்க, எங்க படுத்துதுங்க, யாரு அடிச்சாங்க, எத்தன நாளு அழுதுதுங்க, ஒரு வார்த்தை எழுதினானா? அதுங்கள்ல ஒண்ணையாவது கேட்டுட்டு எழுதினானா?"

அக்கா நண்டைக் கீழே வைத்தாள். வெளுத்த விரல்களைச் சட்டியில் இருந்த தண்ணீரில் முக்கி எடுத்தாள்.

"அந்த ஆளு எப்பிடிடி கேப்பான், பாவம்? அதுங்கள்லாம் செத்து எத்தினி வருசமாவுது" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"நா சாவலயே."